முடங்கிய அலைகளும் ஒருவழிப் பாதைகளும்: ஓர் இயற்பியல் கருத்தின் வரலாறு

அலை என்றாலே பரவுவது என்பது நம் பொது அனுபவம். குளத்தில் விழுந்த கல் எழுப்பும் வட்டம் கரை வரை செல்கிறது. மணியோசை தெருக்கோடி வரை கேட்கிறது. இடையில் தடைகள் இருந்தால் அலை சிதறும், வலுக்குன்றும். ஆயினும் எவ்வாறேனும் பரவிக்கொண்டேயிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இயற்பியலாரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். அந்த எண்ணம் 1958ஆம் ஆண்டில் உடைந்தது. போதிய ஒழுங்கின்மை உள்ள ஊடகத்தில், எவரும் கதவடைக்காமலே, அலை தானே ஓரிடத்தில் முடங்கிவிடும் என்பது அன்று தெரியவந்தது.

அக்கருத்தின் அறுபது ஆண்டுக்கால வளர்ச்சியை இவ்வுரையில் நாம் தொடர்ந்து காண்போம். இதனை இரண்டு ஒதுக்கல்களின் வரலாறு என்றும் கூறலாம். முதலில், ஒழுங்கின்மை ஒரு குறைபாடு என ஒதுக்கப்பட்டது. பின்னர் அதுவே ஆய்வின் பொருளாயிற்று. அடுத்து, ஆற்றல் இழப்பும் ஒருதிசைப் போக்கும் தொல்லைகள் என ஒதுக்கப்பட்டன. பின்னர் அவையும் ஆய்வின் மையத்திற்கு வந்தன. வகுப்பறையில் நாம் எதனைப் ‘புறக்கணிக்கத்தக்கது’ என்று சொல்லிக் கடந்து செல்கிறோம் என்னும் கேள்வி இவ்வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது.

கலைச்சொற்களைப் பற்றி முதலில் ஒரு சொல். ஓரிடத்தில் அடங்கிவிட்ட அலையை ‘முடங்கிய அலை’ என்றும், எங்கும் விரிந்த அலையைப் ‘பரவிய அலை’ என்றும் இங்கு வழங்குகிறோம். முடங்குதல் என்பது வழக்கிலுள்ள சொல்; பிறர் கட்டிப்போடாமல் தானே சுருண்டு கிடப்பதை அது உணர்த்துவதால் இப்பொருளுக்கு நன்கு பொருந்துகிறது.

1. ஒழுங்கின் வெற்றி

உலோகத்தில் மின்சாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதற்கு 1900இல் பால் துரூட் ஒரு விளக்கம் தந்தார். எலெக்ட்ரான்கள் சிறு பந்துகள்போல் ஓடுகின்றன. அணுக்களின்மேல் மோதித் திசை மாறுகின்றன. அந்த மோதல்களே மின்தடை என்றார் அவர். 1928இல் ஃபீலிக்ஸ் பிளாக் இந்தப் படத்தை மாற்றினார். எலெக்ட்ரான் குவாண்டம் அலை ஆதலின், அணுக்கள் முற்றிலும் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் அது தடையின்றிச் செல்லும் என்று அவர் காட்டினார். ஒவ்வோர் அணுவும் அலையைச் சிதறடித்தாலும், ஒழுங்கின் காரணமாக அச்சிதறல்கள் ஒன்றுக்கொன்று இசைந்து அலையை முன்செலுத்துகின்றன.

அப்படியாயின் மின்தடை எங்கிருந்து வருகிறது? அணுக்களின் அதிர்விலிருந்தும், படிகத்தில் கலந்துள்ள மாசுகளிலிருந்தும் வருகிறது என்பது விடை. மாசு மிகுந்தால் மோதல் மிகும், தடை கூடும். எனினும் எலெக்ட்ரான் மெல்ல மெல்லவேனும் பரவிச் செல்லும் என்று கொள்ளப்பட்டது. ஒழுங்கின்மை என்பது அளவைச் சற்று மாற்றும் சிறு திருத்தம். அது இயல்பையே மாற்றும் என எவரும் கருதவில்லை.

2. ஆண்டர்சனின் கட்டுரை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் 1950களின் நடுப்பகுதியில் ஜார்ஜ் ஃபெஹரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை நடத்திவந்தனர். சிலிக்கான் படிகத்தில் ஆங்காங்கே பாஸ்பரஸ் அணுக்களைக் கலந்து, மிகக் குறைந்த வெப்பநிலையில் அவற்றின் எலெக்ட்ரான்களின் தற்சுழற்சியை அவர்கள் அளந்தனர். ஓர் அணுவில் ஏற்படுத்திய கிளர்ச்சி அண்டை அணுக்களுக்குத் தாவி விரைவில் கரைந்துபோகும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அது நிமிடக்கணக்கில் அப்படியே நிலைத்து நின்றது.

அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிலிப் ஆண்டர்சன் (1923–2020) இதற்கு விடை தேடினார். 1958 மார்ச் மாதம் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதன் கருத்துப் படம் எளியது. வரிசையாக அமைந்த இடங்கள். ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் ஆற்றல். அந்த ஆற்றல்கள் ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் உள்ளன. எலெக்ட்ரான் ஓரிடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். ஆற்றல்களின் ஏற்றத்தாழ்வு சிறிதாயின் அலை பரவும். அது ஒரு வரம்பைக் கடந்தால், பல வழிகளில் சிதறித் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வெளியே அழித்துக்கொள்ளும்; தொடங்கிய இடத்தின் சுற்றுப்புறத்தில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். விளைவாக, மையத்திலிருந்து விலகவிலக அலையின் வீச்சு படிப்படியாகத் தேய்ந்து இல்லாமற்போகும். பந்துகளுக்கு இது நேராது. ஒன்றையொன்று அழிக்கவும் வலுப்படுத்தவும் வல்ல அலைகளுக்கே இது நேரும்.

இக்கட்டுரையை அன்று பொருட்படுத்தியோர் சிலரே. ஆண்டர்சனே தம் நோபல் உரையில், அதனை நம்பியவர் சிலர், அதன் சிறப்பை உணர்ந்தவர் அதனினும் சிலர் என்றும், முதலில் முழுமையாக விளங்கிக்கொள்ளாதவருள் தாமும் ஒருவர் என்றும் ஒப்புக்கொண்டார். அதனைத் தொடர்ந்து எடுத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் நெவில் மாட். ஒற்றைப் பரிமாணக் கோட்டில் எவ்வளவு சிறிய ஒழுங்கின்மையும் எல்லா அலைகளையும் முடக்கிவிடும் என்று அவரும் டூஸ் என்பவரும் 1961இல் வாதிட்டனர். 1977இல் ஆண்டர்சன், மாட், ஜான் வான் விளெக் ஆகிய மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1979இல், நால்வர் சேர்ந்து எழுதிய ஒரு சிறு கட்டுரை இத்துறைக்கு வடிவம் தந்தது. ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ ஆகியோருடன் நான்காமவராக இருந்தவர் திருப்பத்தூர் வெங்கடாசலமூர்த்தி ராமகிருஷ்ணன். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். பொருளின் அளவைப் பெருக்கிக்கொண்டே போனால் அதன் கடத்துத்திறன் எவ்வாறு மாறும் என்னும் ஒரே கேள்வியை அவர்கள் கேட்டனர். ஒரு பரிமாணத்திலும் இரு பரிமாணத்திலும் ஒழுங்கின்மை இறுதியில் வெல்லும். முப்பரிமாணத்தில் மட்டுமே பரவும் நிலைக்கும் முடங்கும் நிலைக்கும் இடையே உண்மையான எல்லை உண்டு என்பது அவர்கள் பெற்ற விடை. காந்தப்புலம் போன்ற சில சிறப்பு விளைவுகள் இல்லாதபோது இம்முடிவு பொருந்தும்.

3. ஒளியைச் சிறைப்பிடித்தார்களா?

முடக்கம் எலெக்ட்ரானுக்கு மட்டும் உரியதன்று. எவ்வகை அலைக்கும் பொதுவானது. ஆகவே ஒளியையும் முடக்க இயலுமா என்னும் தேடல் தொடங்கியது. 1997இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் வியர்ஸ்மாவும் பிறரும் காலியம் ஆர்சனைடு பொடிக்குள் ஒளியைச் செலுத்தி, அது முடங்கியதற்கான அடையாளம் கிடைத்ததாக அறிவித்தனர். பொடியின் தடிமன் கூடக்கூட வெளிவரும் ஒளி மிக விரைவாகக் குறைந்தது. ஆனால் 1999இல் ஒரு மறுப்பு எழுந்தது: பொடி சிறிதளவு ஒளியை உறிஞ்சிக்கொண்டாலும் இதே குறைவுதான் தெரியும்!

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரக் குழு ஒன்று, வெள்ளைச் சாயத்தில் பயன்படும் டைட்டானியம் டைஆக்சைடு பொடியைக் கொண்டு 2006இலும் 2013இலும் முடக்கத்தை நிறுவியதாக எழுதியது. 2016இல் அதே குழு, தாங்கள் கண்ட விலகலுக்குப் பொடியிலிருந்து எழும் ஒளிர்வே காரணம் என்று தானே வெளியிட்டது. தம் முடிவைத் தாமே திருத்தி அச்சிட்ட அந்நேர்மை மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது.

தெளிவான சான்றுகள் வேறு வகையான அலைகளிலிருந்து வந்தன. 2008இல் பிரான்ஸின் பலெசோ நகரில் ருபீடியம் அணுக்களைக் கொண்டும், ஃபுளோரன்ஸில் பொட்டாசியம் அணுக்களைக் கொண்டும் இரு குழுக்கள் பருப்பொருள் அலையின் முடக்கத்தை நேரில் படமெடுத்தன. உறைநிலைக்கும் மிகத் தாழ்வாகக் குளிர்விக்கப்பட்ட அந்த அணுக்கள் உறிஞ்சப்படுவதுமில்லை, தொலைவதுமில்லை. ஆதலின் ஐயத்திற்கு இடமில்லாமற்போயிற்று.

இவ்வழக்கிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. ஆற்றல் இழப்பும் முடக்கமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கின்றன. ‘இழப்பு சிறிது, அதனை விட்டுவிடலாம்’ என்று தொடங்கிய ஆய்வுகள் அந்தச் சிறிதினாலேயே தடுமாறின. அப்படியானால் இழப்பையும் சேர்த்துக்கொண்ட கணிதம் என்ன சொல்லும்?

4. ஹெர்மிட்டின் விதியும் அதன் எல்லையும்

பிரெஞ்சுக் கணித அறிஞர் சார்ல்ஸ் ஹெர்மிட் (1822–1901) ஒரு வகை அணியை 1855இல் ஆராய்ந்தார். அவ்வகை அணியில் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்திற்குச் செல்லும் உறுப்பும், இரண்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும் உறுப்பும் ஒன்றுக்கொன்று இணைக் கலப்பெண்களாக இருக்கும். எளிமையாகச் சொன்னால், போகும் வழியும் வரும் வழியும் சம வலிமையுடையவை. அத்தகைய அணியின் ஐகன் மதிப்புகள் எப்போதும் மெய்யெண்களே என்று அவர் நிறுவினார். குவாண்டம் இயற்பியலில் ஆற்றல் மெய்யெண்ணாக இருக்க வேண்டும் ஆதலின், ஹெர்மிட்டிய அணியே அத்துறையின் அடித்தளமாயிற்று.

எனினும் ஒன்றும் உட்புகாத, ஒன்றும் வெளியேறாத மூடிய அமைப்புக்கே இவ்விதி கட்டாயமாகும். 1928இல் ஜார்ஜ் காமோவ் அணுக்கருவிலிருந்து ஆல்பாத் துகள் வெளியேறுவதை விளக்கியபோது கலப்பெண் ஆற்றலைப் பயன்படுத்தினார். அதன் கற்பனைப் பகுதி சிதைவின் வேகத்தைக் குறித்தது. 1965இல் ஜான் ஜினிபர், எவ்விதச் சமச்சீரும் இல்லாத சீரற்ற அணிகளை ஆராய்ந்து, அவற்றின் ஐகன் மதிப்புகள் கலப்பெண் தளத்தில் ஒரு வட்டத் தட்டை நிரப்புகின்றன என்று காட்டினார். ஆயினும் ஒழுங்கின்மையால் வரும் முடக்கத்தை இக்கணிதத்தோடு இணைத்துப் பார்க்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

5. ஒருவழிப் பாதை

அந்த இணைப்பு மீக்கடத்திகளின் ஆய்விலிருந்து வந்தது. சிலவகை மீக்கடத்திகளில் காந்தப்புலம் மெல்லிய இழைகளாக ஊடுருவும். இழைகள் நகர்ந்தால் மின்தடை தோன்றும். எனவே அவற்றைப் பிடித்துவைக்கப் பொருளினுள் நேரான குறைபாட்டுத் தடங்களை உண்டாக்குவர். காந்தப்புலத்தைச் சற்றுச் சாய்த்தால் இழை தன் தடத்தைவிட்டு விலக முனையும். எவ்வளவு சாய்த்தால் அது விடுபடும்?

இக்கேள்வியை ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் நெல்சனும் நவோமிச்சி ஹாட்டானோவும் 1996இல் ஒரு முடக்கச் சிக்கலாக மாற்றி எழுதினர். ஒழுங்கற்ற தடங்களே ஆண்டர்சனின் ஒழுங்கற்ற ஆற்றல்கள். புலத்தின் சாய்வோ, வலப்பக்கத் தாவலை வலுவாக்கி இடப்பக்கத் தாவலை நலிவாக்குகிறது. போகும் வழியும் வரும் வழியும் இங்குச் சமமல்ல. அணி ஹெர்மிட்டியமாக இல்லை.

அவர்கள் கண்டதை ஓர் எண் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வட்டமாக அமைந்த இடங்களில் ஓர் அலை முடங்கியிருப்பதாகக் கொள்வோம். மையத்திலிருந்து ஒவ்வோர் இடம் தள்ளிச் செல்லும்போதும் அதன் வீச்சு 0.82 மடங்காகிறது. பத்து இடம் தள்ளினால் ஏறத்தாழ 0.14 மட்டுமே எஞ்சும். இப்போது வலப்பக்கம் காற்று வீசுவதுபோல் சாய்வை ஏற்படுத்துகிறோம். அச்சாய்வு, வலப்பக்கம் செல்லும் ஒவ்வோர் இடத்திற்கும் வீச்சை 1.1 மடங்காக உயர்த்துகிறது என்க. 0.82ஐ 1.1ஆல் பெருக்கினால் 0.90. அலை இன்னும் தேய்கிறது. வடிவம் சற்றுக் கோணினாலும் அது முடங்கியே இருக்கிறது. அதன் ஐகன் மதிப்பு சிறிதும் மாறுவதில்லை, மெய்யெண்ணாகவே நிற்கிறது. சாய்வின் பெருக்கம் 1.35 ஆனால்? 0.82ஐ 1.35ஆல் பெருக்க 1.11 வரும். இப்போது அலை வலப்பக்கம் வளர்கிறது. வட்டத்தைச் சுற்றிவந்து தன்னையே சந்திக்கும்போது தன்னோடு பொருந்த இயலாது. பழைய வடிவத்தில் அது நிலைக்க முடியாது. முடக்கம் உடைந்து அலை பரவுகிறது. ஐகன் மதிப்பும் மெய்க்கோட்டைவிட்டு விலகிக் கலப்பெண்ணாகிறது.

ஒற்றைப் பரிமாணத்தில் முடக்கத்திற்குத் தப்ப வழியில்லை என்னும் பழைய தீர்ப்பு இங்கே மாறுகிறது. ஒருதிசைப் போக்கு போதிய அளவு வலுவாக இருந்தால் ஒழுங்கின்மையை அது வெல்லும். அலை முடங்கியதா, பரவியதா என்பதை அதன் வடிவத்தைப் பாராமலே, ஐகன் மதிப்பு மெய்யா கலப்பா என்பதைக் கொண்டே அறிந்துவிடலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

6. பாலைவனச்சோலையிலிருந்து மூளை வரை

இக்கணிதம் மீக்கடத்தியோடு நின்றுவிடவில்லை. 1998இல் நெல்சனும் ஷ்னெர்பும் அதனை உயிரினத்தொகைக்குப் பொருத்தினர். பாலைவனத்தின் நடுவே ஒரு சோலை. அதில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. காற்று அவற்றை ஒருதிசையாக அடித்துச் செல்கிறது. காற்று மென்மையாயின் உயிர்கள் சோலையைப் பற்றிக்கொண்டு வாழும். அது முடங்கிய நிலை. காற்று ஒரு வரம்பைக் கடந்தால் அவை அடித்துச் செல்லப்படும். இங்கே முடக்கம் என்பது வாழ்வு. பரவல் என்பது அழிவாகவும் ஆகலாம். முடங்குதல் எப்போதும் குறை என்னும் நம் எண்ணத்தை இது திருத்துகிறது.

வலையமைப்புகளின் கதை இன்னும் பழையது. சூழலியல் அறிஞர் ராபர்ட் மே 1972இல், இனங்கள் பெருகிப் பிணைப்புகள் மிகும்போது ஒரு சூழல்தொகுதி நிலைத்து நிற்குமா என்று கேட்டார். நூறு இனங்கள், பத்தில் ஒரு பங்குப் பிணைப்பு என்றால், ஒவ்வோர் இனமும் சராசரியாகப் பத்துப் பிணைப்புகளைக் கொண்டிருக்கும். இனங்கள் தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் வலிமையை 1 எனக் கொண்டால், பிணைப்பின் சராசரி வலிமை ஏறத்தாழ 0.32ஐக் கடந்ததும் அத்தொகுதி நிலைகுலையும் என்பது அவருடைய கணக்கு. கொன்றுண்ணி இரையைப் பாதிக்கும் விதமும் இரை கொன்றுண்ணியைப் பாதிக்கும் விதமும் ஒன்றல்ல. ஆதலின் இங்கு வரும் அணியும் ஹெர்மிட்டியமாக இருப்பதில்லை.

மூளையும் அத்தகையதே. ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டலாம் அல்லது அடக்கலாம். ஆனால் செய்தி பொதுவாக ஒரே திசையில் செல்கிறது. 2016இல் ஏரியல் அமீர், ஹாட்டானோ, நெல்சன் ஆகிய மூவரும் இவ்விரண்டு மரபுகளையும் ஒன்றாக்கினர். வட்டமாக அமைந்த நரம்பணுக்கள். அண்டை அணுக்களோடு மட்டும் பிணைப்பு. பிணைப்புகளில் ஏறத்தாழப் பாதி தூண்டுவன, பாதி அடக்குவன. திசைச்சார்பு இல்லாதபோது ஐகன் மதிப்புகள் கலப்பெண் தளத்தில் நுணுக்கமான கோலம்போல் விரிகின்றன, அலைகள் முடங்கியுள்ளன. வட்டத்தில் ஒரு திசைக்குச் சார்பு கூட்டினால் கோலத்தின் நடுவே ஒரு துளை திறக்கிறது. அத்துளையின் விளிம்பில் உள்ள அலைகள் அனைத்தும் பரவியவை. அதற்கு அப்பால் உள்ளவை முன்போலவே முடங்கியவை. சார்பு கூடக்கூடத் துளை விரிந்து, இறுதியில் எல்லா அலைகளையும் விடுவிக்கிறது. நரம்பு வலையில் இதன் பொருள் தெளிவு: ஓரிடத்தில் எழுந்த கிளர்ச்சி அங்கேயே அடங்குமா, வலை முழுவதும் சுற்றிவருமா என்பதை இணைப்புகளின் திசையே முடிவு செய்கிறது.

7. விளிம்பில் குவியும் அலைகள்

மேலே கண்ட வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி, இரு முனைகளுள்ள கோடாக்கினால் என்ன நிகழும்? ஐகன் மதிப்புகள் அனைத்தும் சாய்வே இல்லாததுபோல் மெய்யெண்களாகிவிடும். அலைகளோ, பரவ வேண்டியவைகூட, காற்று வீசும் பக்கத்து முனையில் குவிந்துவிடும். ஒரே ஓர் இணைப்பை வெட்டியதால் அமைப்பு முழுவதும் மாறுவது ஹெர்மிட்டிய உலகில் காணாத விந்தை. சீனாவின் யாவ் ஷுன்யூவும் வாங் ஜோங்கும் 2018இல் இக்குவிதலைத் ‘தோல் விளைவு’ என்னும் பொருள்படப் பெயரிட்டு ஆராய்ந்தபின் இத்துறை பெருகி வளர்ந்தது. 2020இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரக் குழு, ஒளியிழை வளையங்களில் எங்குப் புகுந்த ஒளியும் ஒரே எல்லைக்கு வந்துசேரும் ஒளிப்புனலை அமைத்துக் காட்டியது. அதே ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தோல் விளைவு வெவ்வேறாக உள்ள இரு கோடுகளை மிக மெலிதாகப் பிணைத்தாலும், கோட்டின் நீளத்தைப் பொறுத்து முழு அமைப்பின் இயல்பே மாறுவதை விளக்கினர்.

2021இல் ரோஸ்டாக் குழு வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பூட்டுவது. ஆற்றல் இழப்பை மட்டும் இடத்திற்கு இடம் ஒழுங்கின்றி மாற்றினார்கள். ஐகன் அலைகள் அனைத்தும் முடங்கியே இருந்தன. ஆயினும் செலுத்திய ஒளி ஒரு முடங்கிய நிலையிலிருந்து தொலைவிலுள்ள இன்னொன்றுக்குத் தாவித்தாவிப் பரவியது. ஒவ்வொரு நிலைக்கும் இழப்பு வேறுபடுவதால், விரைவாகத் தேய்வது மறைந்து, மெதுவாகத் தேய்வது மேலெழுகிறது. ‘முடங்கிய அலை பரவாது’ என்று 1958 முதல் நாம் ஒன்றாகக் கருதிவந்த இரண்டு செய்திகள் உண்மையில் இரண்டே என்று இச்சோதனை பிரித்துக் காட்டிவிட்டது.

8. வகுப்பறைக்கு

ஆண்டர்சனின் கருத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓரமாகக் கிடந்ததற்கு அதன் கடினம் மட்டும் காரணமன்று. தூய படிகமே ‘உண்மையான’ பொருள், மாசு அதன் பிழை என்னும் மனப்பாங்கும் காரணம். ஹெர்மிட்டியம் அல்லாத அமைப்புகள் தாமதமாக வந்ததற்கும் அத்தகைய மனப்பாங்கே காரணம்: மூடிய அமைப்பே உண்மை, இழப்பும் ஒருதிசைப் போக்கும் அதன் பிழை. ஆனால் நாம் வாழும் உலகில் மூடிய அமைப்பு அரிது. உணவு வலை, நரம்பு வலை, ஒருவழித் தெருக்கள் ஆகிய யாவற்றிலும் போகும் வழியும் வரும் வழியும் வேறுவேறு.

ஆசிரியர்கள் மேல்நிலை மாணவர்களோடு இதனைச் செய்துபார்க்கலாம். இருபது இடங்களைக் கொண்ட வட்டம் ஒன்றை அணியாக எழுதுக. மூலைவிட்டத்தில் ஒழுங்கற்ற எண்களை இடுக. வலத் தாவலையும் இடத் தாவலையும் முதலில் சமமாக வைத்து ஐகன் மதிப்புகளைக் கணினியில் கண்டு, கலப்பெண் தளத்தில் குறிக்குக. எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் நிற்கும். பின்னர் வலத் தாவலைச் சிறிது சிறிதாக உயர்த்துக. ஒரு கட்டத்தில் புள்ளிகள் இரண்டிரண்டாகக் கோட்டைவிட்டு மேலும் கீழும் பிரியும். அலைகள் விடுபடும் கணத்தை மாணவர்கள் அங்கே கண்ணால் காண்பார்கள். அதன்பின் வட்டத்தின் ஓர் இணைப்பை நீக்கச் சொல்லுக. புள்ளிகள் மீண்டும் கோட்டுக்கே திரும்பும். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை காண முனையும் மாணவர், இத்துறை ஆய்வாளர்கள் இன்று நிற்கும் இடத்திற்கு மிக அருகில் வந்துவிட்டவராவார்.